மாடியில் நாலு வேலை, கீழே நான்

மாடியில் இருக்கும் மகனுக்கு, கீழே அடுப்படியிலிருந்து அம்மா எழுதுவது.

படியேறி வந்து சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். ஏறி வந்தும் பார்த்துவிட்டேன் ஐயா. கதவைத் தட்டினால் காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, "என்னம்மா, சொல்லு" என்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கேயோ இருக்கிற யாருக்கோ "யெஸ் சார்" என்கிறாய். எனக்குத்தான் சொல்கிறாயோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, துணி காயப்போட வந்தவள் மாதிரி மொட்டைமாடிப் பக்கம் போய்த் திரும்பி இறங்கிவிடுவேன். போனில் எழுதி அனுப்பினாலோ, உனக்கு வந்து குவிகிற செய்திகளுக்கு நடுவில் அது காலை வணக்கம் சொல்லும் பூப்படம் மாதிரி போய்விடும். அதனால்தான் தையல் இல்லாத இந்த மத்தியானத்தில் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை மடித்து ஒளித்துத் தரப்போவதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தே வைப்பேன். உன்னை மாதிரி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்கள் படித்தாலும் படிக்கட்டும்.

போன வாரம் திருச்சுழிக்குப் போய்த் திரும்பியதிலிருந்தே எழுத வேண்டும் என்று இருந்தது. அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். எனக்கு என்ன குறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாட்டுக்கு வேறு எதையாவது நினைத்துக்கொள்வாய். சாப்பாட்டுக்குக் குறையில்லை. மாத்திரை தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடுகிறாய். ஆனால் உன் அப்பா இறந்த நாளிலிருந்து நீ என்னோடு தெலுங்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தெலுங்கில் கேட்கிறேன், நீ தமிழில் பதில் சொல்கிறாய், அதுவும் மரியாதையாக, கடைக்கு வந்தவளிடம் பேசுவது மாதிரி. முதலில் நான் கவனிக்கவில்லை. காரியம் முடியட்டும், வந்த கூட்டம் கலையட்டும் என்று இருந்துவிட்டேன். கூட்டம் கலைந்து மாதங்கள் ஆகிவிட்டன.

இதிலென்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம் வீடுகளைப் பார்த்திருக்கமாட்டார்கள். வாசற்படிக்கு உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உன் அப்பா நூல்கடையில் நாள் முழுக்க நின்று விற்றவர். அவர் பேசுகிற தமிழைக் கேட்கவே ஆட்கள் வருகிறார்கள் என்று கடை முதலாளி சொல்வார். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தத் தமிழையும் கழற்றிவிடுவார். காலை உள்ளே வைத்ததும் உன்னைப் பார்த்து "அன்னம் திண்டிவா?" என்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் எவன் சோறு தின்பான், இதையா பிள்ளையிடம் கேட்பது என்று நான் கேலி செய்வேன். சாப்பிட்டாயா என்ற கேள்வியை, நான் வந்துவிட்டேன் என்று சொல்வதற்குத்தான் அவர் வைத்திருந்தார். நீயும் அப்படித்தான். வாத்தியார் அடித்த கதையைத் தெருமுனையில் தமிழில் தொடங்குவாய், வாசலைத் தாண்டும்போது பாதி வாக்கியத்தில் தெலுங்குக்கு மாறிவிடுவாய். கடையும் பள்ளிக்கூடமும் வெளியே நின்றுவிடும். இப்போது உன் கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால், வாசல் எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

பல வேலை பார்ப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. பாளையம்பட்டிப் பக்கம் போனால் நான் பிளவுஸ்காரம்மா. நம் தெருவில் மாவுக்காரம்மா. கல்யாணச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பதால் கடைவீதியில் குஞ்சத்தக்கா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் பத்திரமாக இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் என்னிடம் வந்தது உனக்கு நினைவிருக்கும். மாம்பழக் கலர் பட்டு. அன்றைக்கு மாவுக்கும் ஆள் வந்து நிற்கிறது, பிளவுஸுக்கும் ஆள் வந்து நிற்கிறது. மாவு அள்ளிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஊக்குத் தைக்க உட்கார்ந்தேன். தைத்து முடித்து உதறிப் பார்த்தால் தோள்பட்டையில் வெள்ளையாக விரல் தடம். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணிடம் இட்லி வாசம் அடிக்கும், மாப்பிள்ளைக்குத் தாலி கட்டுவதற்குள் பசி எடுத்துவிடும் என்று சிரித்தார். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வேலையை விட்டு இன்னொன்றைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் உட்காருவேன், வாசலில் யார் நின்றாலும் சரி. பார்க்கிறவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அந்தக் காபியைக் குடிக்கிற நேரத்தில்தான் மாவு என் கையை விட்டுப் போகும், துணி கைக்கு வரும்.

நீ இந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாய். இங்கே கடையில் நூல் கோனை எடுக்கக் குனிந்த உன் அப்பா நிமிரவில்லை. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது என்றார்கள். கொஞ்ச நாளில் பேச்சு மட்டும் திரும்பி வந்தது, அதுவும் தெலுங்கு மட்டும். ஊரையே தமிழில் பேசிக் கட்டிப்போட்டவருக்குத் தண்ணீர் என்று தமிழில் கேட்க வரவில்லை. யார் என்ன சொன்னாலும் புரியும், ஆனால் பதில் நம் பேச்சில்தான் வரும். பார்க்க வந்த கடைக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். லீவு போட்டு வந்த நீ, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்று எடுத்துச் சொன்னாய். அவர் டாக்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால், நீ முகம் மாறாமல், "கொஞ்சம் வலிக்குதுங்கறாரு சார்" என்பாய். நீ பார்த்த முதல் மொழிபெயர்ப்பு வேலை அதுதான். லீவு முடிந்தது, நீ திரும்பிப் போகவில்லை.

அப்போது உன் மேஜை மாடியில் இல்லை. நடுவீட்டில் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால், ஜன்னலோரமாகப் போட்டாய். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு. சமையல் வீடியோ போடுகிறவர்களுக்கு வெட்டி ஒட்டிக் கொடுப்பது. சாயங்காலம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். இடையிடையே நம் ஊர்க்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை. நாலு வேலைக்கும் நாலு குரல் வைத்திருந்தாய். நான் அடுப்படியில் இருந்தபடியே இப்போது எந்த வேலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க, மாத்திரை கொடுக்க, காலை நீவிவிட எல்லாவற்றுக்கும் போனில் மணி வைத்திருந்தாய். மணி அடித்தால் எழுந்துவிடுவாய். யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டால், திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டுவாய், இதோ வந்துவிட்டேன் என்று. பேச்சை முடித்ததும் வந்துவிடுவாய். அவர் சொன்னதைக் கேட்டு, தலையணையைச் சரிசெய்து, இரண்டு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி போய் உட்காருவாய். அப்படி எழுந்து எழுந்து போனவன், சொன்ன நேரத்துக்கு நாலு வேலையையும் முடித்துக் கொடுத்தாய்.

ஊருக்கு இது புரியவே இல்லை. பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, "தம்பி வீட்ல சும்மாத்தான இருக்கு, ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்களேன்" என்பார். சும்மா இருக்கிற தம்பி அந்த நேரத்தில் ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும். பெண் பார்க்கிற தரகர் வந்தபோது உன் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அம்மா, நாலு சொல்லாதீக, ஒண்ணச் சொல்லுங்க, அதப் பெரிசாச் சொல்லுங்க. நாலுன்னா ஒண்ணும் இல்லன்னுதான் பொண்ணு வீட்ல நினைப்பாக" என்றார். நாம் மூன்று பேரும் அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உன் அப்பா, நாலு வேலைக்கு நாலு பெண் பார்க்கச் சொல் என்றார்.

ஒன்று மட்டும் அப்போதே எனக்கு உறுத்தியது. நீ யாருக்கும் முடியாது என்று சொல்வதில்லை. பரளச்சிப் பக்கம் உன் அப்பா ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட கரிசல் துண்டு இருக்கிறதே, அங்கே மழை விழுந்து மண் ஈரமாக இருக்கிற நாட்களில் ஒரு வீட்டில் ஆள் இருக்காது. ஈரம் போவதற்குள் விதைத்தாக வேண்டும், அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீ அந்த மண்ணில் ஒரு நாளும் விதை தூவியதில்லை, ஆனால் அந்தச் சம்சாரிகளுடைய பயம் மட்டும் அப்படியே உன்னிடம் வந்துவிட்டது. எந்த வேலை வந்தாலும் இதுதான் கடைசி மழை என்பது மாதிரி வாரிப் போட்டுக்கொள்கிறாய். அவர்களாவது விதைத்து முடித்ததும் வந்து படுத்துத் தூங்கிவிடுவார்கள், அதற்கு மேல் தங்கள் கையில் ஒன்றுமில்லை என்று தெரியும். உனக்கோ ஒன்று முடிவதற்குள் இன்னொன்று பெய்கிறது. நான் தை மாதத்தில் பிளவுஸ் குவியும்போது மாவு கிடையாது என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுவேன். முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், மாசியில் அவர்களே பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.

இனி அந்த நாள். நீ அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், நானும் திரும்பக் கேட்கவில்லை. தைத்த துணிகளைக் கொடுக்க நான் பாளையம்பட்டிக்குப் போயிருந்தேன். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் திரும்பும்போதே வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. உள்ளே நீ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாய். காதில் மாட்டுவது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "கூப்புட்டாரும்மா. நான் கையக் காட்டுனேன்" என்றாய். பேசிக்கொண்டிருந்தபோது அவர் "ரா" என்று கூப்பிட்டிருக்கிறார், வா என்று. நீ வழக்கம்போல விரலைக் காட்டியிருக்கிறாய். பேச்சை முடித்து எழுந்து வந்து பார்த்தபோது அவர் இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது, பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை எத்தனையோ பேர் உன்னிடம் சொன்னார்கள். நீ எல்லோருக்கும் தலையை ஆட்டினாய். கையைக் காட்டினேன் என்று சொன்னாயே, இந்த வீட்டுக்குள் நீ என்னிடம் தமிழில் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

காரியம் முடிந்த மறுநாளே மேஜையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். இனிமேல் நாள் முழுக்க உன்னுடையது, வேலை நன்றாக ஓடும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. வேலை கூடிக்கொண்டே போகிறது, முடிவது குறைந்துகொண்டே வருகிறது. பத்திரிகை ஒன்றில் பெண்ணின் அப்பா அம்மா பெயரை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டாய், அச்சடித்து வந்த பிறகுதான் பார்த்தார்கள். கணக்குப் பாடத்தில் அந்தக் குழந்தையிடம் கம்பெனிக்காரர்களிடம் பேசுகிற குரலில் பேசுகிறாய். எனக்குக் கீழே இருந்தே கேட்கிறது, நாலு குரலும் ஒன்றாகிவிட்டன. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் உன் அப்பா இருந்தார். எழுந்துபோய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, நம் பேச்சில் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாய். நீ கையைக் கழுவிக்கொண்டது அங்கேதான். அவரைப் பார்த்துக்கொண்டதால் உன் வேலை கெட்டது என்று ஊர் நினைத்தது. அவரால்தான் உன் வேலை நடந்தது.

அதற்காக நீ என்னை மறந்துவிட்டாய் என்று சொல்லமாட்டேன். மத்தியானம் சரியான நேரத்துக்கு இறங்கி வருகிறாய். "சாப்ட்டியாம்மா? மாத்திரை போட்டுட்டியா? வேற எதுவும் வேணுமா?" என்கிறாய். நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுகிறாய். ஒரு நாள் உன் போனைக் கீழேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். அது அடித்தது. அணைக்கலாம் என்று எடுத்தால் திரையில் "அம்மா" என்று இருக்கிறது. நான்தான் உனக்குப் போன் போட்டுவிட்டேனோ என்று என் போனைத் தேடினேன். அது சார்ஜில் பேசாமல் கிடந்தது. பிறகுதான் விளங்கியது, உன் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வைத்தாயே, அந்த மாதிரி ஒரு மணி எனக்கும். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மறந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் செய்திருக்கிறாய். ஆனால் எனக்கு ரொம்பவும் வலித்தது. நாலு வேலை பார்க்கிறவனுக்கு நான் ஐந்தாவது வேலையாகிவிட்டேன்.

திருச்சுழிக்கு நாம் போனது அந்தக் கரிசல் துண்டுக்குப் பட்டாவில் பெயர் மாற்றுவதற்காக. பஸ்ஸில் போகும்போதே நீ காதில் மாட்டிக்கொண்டாய். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கூட்டம். நீ சுவரோரமாக உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்து யாருடனோ பேச ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் மனுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டா உன் அப்பா பெயரில் இருப்பதால் உள்ளே இருந்தவர் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார். உரக்க, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. நீ திரையைப் பார்த்தபடியே கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினாய். காட்டிய பிறகுதான் யார் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று உன் காதில் விழுந்திருக்க வேண்டும். தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர், "வாரிசு யாருங்க, கையத் தூக்குனா ஆச்சா, உள்ள வாங்க" என்றார். நீ எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து லேப்டாப் சரிந்தது, நான் பிடித்துக்கொண்டேன். உன் காதில் மாட்டியிருந்ததில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. நீ அழுதுவிடுவாய் என்று நினைத்தேன். அழுதிருக்கலாம், அங்கே யார் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாரி சார், நெட்வொர்க் ப்ராப்ளம்" என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னடா என்று நம் பேச்சில் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, வேலை கொஞ்சம் ஜாஸ்தி" என்றாய். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கரிசல் காடுகளையும் சீமைக்கருவேலையையும் பார்த்துக்கொண்டே வந்தாய். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நடுவீட்டில் நீ கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாய். நான் உன் அப்பாவுக்குச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போனால், நல்லபடியாக இருந்த இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டுவார். புருவத்தைச் சுருக்கி, பெரிய ஆபீசர் மாதிரி, முகத்தைத் திருப்பாமல், அப்படியே நீதான். கொஞ்சம் பொறு, முக்கியமான வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம். நான் சோற்றை வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரிப்பு வரும் அவருக்கு. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன், சத்தம் கேட்டால் உன் வேலை கெடும் என்று. பால்காரர் வந்தாலும் அதே விரல்தான், மாத்திரை கொடுத்தாலும் அதே விரல்தான். உன் முதுகுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்துக் கிடந்தோம். சொன்னால் கோபித்துக்கொள்வாய் என்று அப்போது சொல்லவில்லை.

கடைசியில் எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் தேற்றுவதற்காக எதையாவது கட்டிச் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். வலித்திருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். சும்மா பேச்சுக்குக் கூப்பிட்டும் இருக்கலாம், அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த விரல் அவருக்குப் பழகிய விரல். அதைப் பார்த்து, பிள்ளை வரமாட்டான் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ ஒரு நாளும் வராமல் இருந்ததும் இல்லை. அன்றைக்கும் வந்தாய். இதை நீ நம்ப வேண்டும் என்று உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

நாலு வேலையையும் விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது நீயாகத் தேடிக்கொண்ட பிழைப்பு, அதில் எனக்குப் பெருமைதான். மேஜை மாடியிலேயே இருக்கட்டும். எனக்காக வைத்த மணியை மட்டும் எடுத்துவிடு. அது அடித்து நீ வருவதைவிட, மறந்துபோய் வராமல் இருந்தால்கூட எனக்குத் தேவலை. நீ ஏன் தமிழுக்குப் போய்விட்டாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. "ரா" என்று அவர் கூப்பிட்டது நம் பேச்சில். அதைத் திரும்பக் காதில் கேட்க உன்னால் முடியவில்லை. ஆனால் என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாவோடு இந்தப் பேச்சில்தான் சண்டை போட்டேன், சமாதானம் ஆனேன். மாவு வாங்க வருகிறவர்களிடம் தமிழ், துணி கொண்டு வருகிறவர்களிடம் தமிழ், இப்போது உன்னிடமும் தமிழ். என் வீட்டுக்குள் இருந்துகொண்டே நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். நேற்று உன்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது என் வாயிலும் தமிழ்தான் வந்தது. கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

இந்தக் கடிதத்தையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். நம் பேச்சை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்கும் தெரியாது. அது வாயில் மட்டும்தான் இருக்கிறது, இந்த வீட்டில் இப்போது இரண்டு வாயில். அதனால் இதற்குப் பதில் எழுதிவிடாதே. போனில் கும்பிடு போட்டு அனுப்பிவிடாதே. இறங்கி வந்து சொல். என்மேல் கோபம் என்றால் கோபத்தைச் சொல், அழுகை வந்தால் அழு, எதுவானாலும் நம் பேச்சில் ஆகட்டும். மாவு ஆட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. கிரைண்டரைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன், நீ படியிறங்கினால் எனக்குக் கேட்க வேண்டும்.